எடித்தாவின் பத்து மணி வழக்கம்

புவெர்த்தோ கொய்வாலில் பெண்ணெடுத்தவனுக்கு இரண்டு மாமியார் என்று எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. ஒருத்தி மனைவியைப் பெற்றவள். இன்னொருத்தி ஆஸ்பத்திரியின் பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில் படுத்துக் கிடந்த பாய்லர். அதற்குப் பெயரே மாமியார்தான். எந்நேரமும் முனகும். வேளை தவறாமல் டீசல் கேட்கும். கொஞ்சம் முகம் சுளித்தால் போதும், அறுபது கட்டில் ஆஸ்பத்திரியையே விறைக்க வைத்துவிடும். அந்த மாமியாரோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் எடித்தா ஒயார்சோ.

எடித்தா தீவுக்காரி. பத்தொன்பது வயதில் படகேறி வந்து ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அர்னோல்டோ. நல்ல குரல், நல்ல மீசை, நல்ல பொய். மூன்றையும் நம்பி அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஒரு ஆகஸ்ட் விடியற்காலை; எங்கள் தெற்கில் அது குளிர்காலம். மணி ஆறாகியும் வார்டுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடாகவில்லை. தாதி ஒருத்தி சலவைக் கூடத்துக்கு ஓடிவந்து, "உன் புருஷன் எங்கேடி? பிள்ளைங்கல்லாம் நடுங்குதுங்க!" என்று கத்தினாள். எடித்தாவுக்குத் தெரியாது. ஆனால் தினமும் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த அழுத்தமானி முட்களையும் திருகுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். நேரே போனாள். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். எண்ணெயைத் திறந்தாள். ஏழு மணிக்கெல்லாம் வார்டுக் குழாய்கள் டக் டக்கென்று பேச ஆரம்பித்தன.

அர்னோல்டோ ரொட்டிக் கடைக்காரியோடு அர்ஜென்டினா பஸ்ஸில் ஏறிப்போன செய்தி எட்டு மணிக்கு வந்தது.

"புருஷன் போயிட்டான். மாமியார் மட்டும் எனக்கு மிச்சம்" என்றாள் எடித்தா. ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரும்பின் வெதுவெதுப்பில் கன்னத்தை வைத்து அழுதாள். அழுத கண்ணைத் துடைத்துவிட்டு, முள்ளைப் பார்த்தாள். அழுத்தம் சரியாக இருந்தது.

பாய்லர் ஓட்டும் உரிமத் தேர்வில் முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை ஜெயித்தாள். அந்த மாகாணத்தில் அந்த உரிமம் வாங்கிய முதல் பெண்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவு பத்து மணிக்கு மாமியாரை அணைப்பாள். விடியற்காலை ஐந்துக்கு மறுபடி ஏற்றுவாள். வார்டுகளில் இருந்தவை பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். கை வைத்தால் பொசுக்கும் அளவுக்குச் சூடேறுபவை. அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே குளிர் யாருக்கும் தெரியாது, டீசல் மிச்சம். வந்த இயக்குநர்கள் எல்லாரும் அவளை இதற்காகப் பாராட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காலையிலும் ஆஸ்பத்திரி குளிரில் கண் விழித்ததில்லை. கழுத்தில் போட நகை இல்லாத எடித்தாவுக்கு இந்தப் பேர்தான் நகை.

ஆனால் அந்த நகையில் கரி படிந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். ஜூலையில் காற்று நின்றுபோன நாள்களில், ஊரின் விறகடுப்புப் புகையோடு மாமியாரின் புகையும் சேர்ந்து குழந்தைகள் வார்டின் சன்னலோரம் இறங்கி உட்காரும். உள்ளே இருமல் சத்தம். "நான்தான் சூடும் குடுக்கறேன், இருமலும் குடுக்கறேன்" என்று ஒருநாள் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு மாத்தே என்ற இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்ச ஆரம்பித்தாள்.

பிறகு ஆறு வெள்ளை இயந்திரங்கள் வந்தன. ஹீட் பம்ப். எதையும் எரிக்காமல், வெளிக்காற்றில் ஒளிந்திருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டைப் பிழிந்தெடுத்துத் தண்ணீரில் ஏற்றுபவை. கோடையில் திருப்பிப் போட்டால் அறுவை அறையையும் மருந்துக் கிடங்கையும் குளிர்விப்பவை. முற்றத்தில் வெள்ளை உடுப்போடு வரிசையாக, சத்தமே இல்லாமல் நின்றன. சமையற்கட்டு ஆள்கள் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: கன்னியாஸ்திரிகள்.

ஆஸ்பத்திரியை ஒருநாள்கூட மூடாமல் அந்த வேலை நடந்தது. ஒரு வார்டைக் காலி செய்வது, குழாய் மாற்றுவது, நோயாளிகளைத் திரும்பக் கொண்டுவருவது, அடுத்த வார்டு. இரண்டு வருஷம். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது எந்த வரைபடத்திலும் சரியாக இல்லை. எடித்தாவின் தலைக்குள்தான் இருந்தது.

"டோன்யா எடித்தா, இந்தச் சுவத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று, மரியாதைக்கு 'டோன்யா' போட்டுக் கேட்பாள் வேலையை நடத்த வந்திருந்த எஞ்சினியர் தமாரா.

"அர்னோல்டோ அடைச்ச குழாய். ரெண்டு தடவை பாத்துட்டு வெட்டு. அவன் அடைச்சது எதுவும் அடைஞ்சதில்ல."

கடைசியில் வந்தது சோதனை வாரம். ஜூலை மாதத்தில் ஏழு நாள், ஏழு இரவு, கன்னியாஸ்திரிகள் மட்டுமே ஆஸ்பத்திரியைச் சூடாக வைத்திருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் தயாராக இருப்பாள், ஆனால் அவள் வால்வு மூடியிருக்கும். காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு வார்டிலும் வெப்பமானி பார்ப்பார்கள். மூன்று காலைகளில் இருபது டிகிரிக்குக் கீழே போனால் சோதனை தோற்றது. மாமியாருக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள். தோற்காவிட்டால் மாமியார் ஒரேயடியாக அணைவாள்.

அந்த வாரம் முழுவதும் தானே பார்த்துக்கொள்வதாக எடித்தா சொன்னாள். இயந்திர அறைச் சாவி அவளிடம்.

முதல் காலை, பிரசவ வார்டில் பதினெட்டு டிகிரி.

ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்த எல்லாரும் கையை எடுத்துக்கொண்டார்கள். "செத்த மீன் மாதிரி இருக்கு" என்றாள் பெருக்குகிற பெண். நோயாளியைப் பார்க்க வந்த கிழவர் ஒருவர் நனைந்த போஞ்சோவை, தலைவழியே மாட்டும் கம்பளியை, அதன்மேல் விரித்துவிட்டு, "காயவும் மாட்டேங்குது. இதுக்கா இத்தனை செலவு?" என்று கேட்டார்.

"தாத்தா, அது கொதிக்காது. வெதுவெதுன்னுதான் இருக்கும். ரூம் சூடா இருக்கான்னு பாருங்க" என்றாள் தமாரா.

"ரூமும் சூடா இல்லயே, பொண்ணே."

தமாரா வெப்பமானியை மறுபடி பார்க்கப் போனாள்.

இரண்டாம் காலை பதினேழரை. பிரசவ வார்டின் தலைமைத் தாதி கிரிசெல்டா மின்சார ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சோதனை நடக்கும்போது அது கூடாது என்றார்கள். கிரிசெல்டாவின் மகளுக்கு ஞானத்தாய் எடித்தா. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் அழைப்பார்கள். "கோமாத்ரே, உன் மாமியாரைத் தொறந்து விடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கிரிசெல்டா, பாதி விளையாட்டாக. எடித்தா சிரித்தாள். ஒரு சின்னப் பெருமையும் அந்தச் சிரிப்பில் இருந்ததை அவளே பிறகு ஒத்துக்கொண்டாள்.

கிரிசெல்டாவின் கவலைக்குக் காரணம் மூன்றாம் கட்டில். அங்கே தீவிலிருந்து வந்த யஸ்னா என்ற பெண், ஏழு வாரம் முந்திப் பிறந்த தன் பிள்ளையை மார்போடு மார்பாகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஆயிரத்து எண்ணூறு கிராம். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயின் உடம்புதான் அடுப்பு. அறை சூடாக இருந்தால் போதும், பிள்ளை தேறிவிடும்.

மூன்றாம் காலை வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. வார்டில் பதினாறரை. பிள்ளையின் உடம்புச் சூடு இறங்கியிருந்தது. கிரிசெல்டா இரண்டு போர்வையை மேலே போட்டாள். "இனி இங்க வெச்சிருக்க முடியாது. பெரிய ஊருக்கு அனுப்பறேன்" என்றாள். ஆம்புலன்ஸ், பிறகு பெரிய படகு, பிறகு மறுபடி ரோடு. ஐந்து மணி நேரம்.

யஸ்னா பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றாள். கிரிசெல்டா இன்னொரு போர்வையைத் தேடப் போனாள்.

நடைக்கூடத்தில் தமாரா கண்கள் சிவக்க நின்றிருந்தாள். எடித்தாவிடம் கையிலிருந்த கணினித் திரையைக் காட்டினாள். கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடியது.

"பாருங்க, டோன்யா எடித்தா. மூணு நாளும் ராத்திரி பத்துக்கு மெஷின் நிக்குது. காலைல அஞ்சுக்கு ஓடுது. எங்கயோ ஒரு கடிகாரம் தப்பா வேலை செய்யுது. தயாரிச்சவங்க வந்து கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆகும். நான் மத்தியானம் அறிக்கை அனுப்பியாகணும். தோத்துப்போச்சுன்னுதான் எழுதணும்."

பத்துக்கு நிற்கிறது. ஐந்துக்கு ஓடுகிறது.

எடித்தா அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். கடிகாரம் எதுவும் தப்பாக இல்லை. அந்தக் கடிகாரம் அவள்தான்.

பயிற்சி நாளில் சொல்லத்தான் சொன்னார்கள், இதை எப்போதும் ஓடவிட வேண்டும் என்று. எடித்தா அதைத் தலையாட்டிக் கேட்டாள், நம்பவில்லை. எண்ணெய் விற்க வந்தவன்கூட, 'எப்பவும் எரியட்டும்மா, அதுதான் நல்லது' என்று சொல்லியிருக்கிறான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? எரிபொருளை மிச்சம் பிடித்தே பேர் வாங்கியவள், மின்சாரத்தையும் மிச்சம் பிடித்துக் காட்டலாம் என்று நினைத்தாள். மாமியார் ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறு மணிக்குள் கட்டடத்தைச் சூடாக்கிவிடுவாள். அவள் தண்ணீர் கொதிநீர். கன்னியாஸ்திரிகளின் தண்ணீர் வெறும் வெதுவெதுப்பு. அது ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் சுவர்கள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒருமுறை ஆறவிட்டால், மறுபடி ஏற மத்தியானம் ஆகிவிடும்.

முதல் இரவு அணைத்தது அறியாமை. சரி. முதல் காலை பதினெட்டு டிகிரியைப் பார்த்த பிறகும் இரண்டாம் இரவு அணைத்தாளே, அது என்ன? சுவிட்சின்மேல் கை ஒரு கணம் தயங்கியது அவளுக்கு நினைவிருந்தது. அந்தத் தயக்கத்தைத் தாண்டிக் கையை அழுத்தியது பழக்கமா? இல்லை, மாமியார் இன்னும் பத்து வருஷம் இருக்கட்டும் என்ற ஆசையா? கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சோறும் பேரும் போட்ட இரும்பு அல்லவா அது! மனித மனத்துக்குள் எத்தனை குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கும் வரைபடம் கிடையாது.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மத்தியானம் அறிக்கை போய்விடும். பழி இயந்திரத்தின்மேல். அவள் நகை அவள் கழுத்திலேயே இருக்கும்.

நடைக்கூடத்தின் கடைசியில் தள்ளுவண்டிக் கட்டிலின் சக்கரம் கிரீச்சிட்டது. யஸ்னாவுக்காகக் கொண்டுவந்தார்கள்.

"தமாரா," என்றாள் எடித்தா. "கடிகாரம் இல்ல. நான்தான்."

"என்ன நீங்க?"

"நான்தான் அணைச்சேன். மூணு ராத்திரியும். பத்து மணிக்கு அணைக்கறது என் வழக்கம்."

தமாரா அவளையே பார்த்தாள். திரையை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கடைசியில், "ரெண்டு வருஷம், டோன்யா எடித்தா" என்றாள். "ரெண்டு வருஷ உழைப்பு."

எடித்தா நிற்கவில்லை. ஐம்பத்து நாலு வயது உடம்பு பின்கட்டுக்கு ஓடியது. மாமியாரின் வால்வை இரண்டு கையாலும் திருகித் திறந்தாள். குழாய்கள் டக் டக்கென்றன. பிறகு பிரசவ வார்டுக்கு வந்து மூன்றாம் கட்டிலின் முன்னால் நின்றாள்.

"ஆம்புலன்ஸ் வேண்டாம். அரை மணியில ரூம் சூடாயிடும். இனிமே ஆறாது. மெஷின்ல கோளாறு இல்ல. நான் அணைச்சேன்."

கிரிசெல்டாவின் கையிலிருந்த போர்வை அப்படியே நின்றது. "கோமாத்ரே... நீயா?"

"நான்தான்."

"இந்தப் பிள்ளை மூணு ராத்திரியா நடுங்குது. நான் கடவுளைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், அந்த எஞ்சினியர் பொண்ணைத் திட்டினேன். நீ எங்கூட நின்னு மாத்தே குடிச்சுக்கிட்டு இருந்தே!"

எடித்தா தலை குனிந்தாள். யஸ்னாதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டாள்.

"எதுக்கும்மா அணைச்சீங்க?"

"மிச்சம் பிடிக்க."

"யாருக்கு மிச்சம்?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இயக்குநரும் அவளிடம் கேட்காத கேள்வி. எடித்தா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்தான் வந்தது.

"வெளிய போங்க, செனோரா ஒயார்சோ" என்றாள் கிரிசெல்டா. 'கோமாத்ரே' என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்நியப் பெண்ணை அழைப்பதுபோல 'செனோரா' என்றுவிட்டாள். வார்டில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

அறை சூடாயிற்று. மத்தியானத்துக்குள் பிள்ளையின் உடம்பும் பழைய நிலைக்கு வந்தது. ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பிப் போனது.

இயக்குநர் டாக்டர் சால்டிவியா எடித்தாவைக் கூப்பிட்டு இயந்திர அறைச் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். அவள் வாழ்நாளில் வாங்கிய முதல் எச்சரிக்கை. சோதனை திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று முடிவாயிற்று. தமாரா அதற்காக மேலிடத்தில் யார் யாரையோ கெஞ்சினாள்.

அந்த வாரம்தான் வருஷத்தின் கொடுங்குளிர் வந்தது. வாளித் தண்ணீர் பாறையாயிற்று. எடித்தாவுக்கு இயந்திர அறையில் நுழைய அனுமதி இல்லை. சும்மா இருக்க முடியுமா அவளால்? வார்டு வார்டாகப் போனாள். ரேடியேட்டர்மேல் கிடந்த போஞ்சோக்களையும் காலுறைகளையும் எடுத்துக் கொடியில் போட்டாள். பழைய பொசுக்கும் சூட்டுக்குப் பயந்து எல்லாரும் மேல் சன்னலைத் திறந்து வைத்தே பழகியிருந்தார்கள், ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"இப்ப இவ யோக்கியம் பேச வந்துட்டா" என்றாள் பெருக்குகிற பெண், காதில் விழும்படியே. "மூணு நாளு நம்மள ஐஸ்ல போட்டுட்டு, இப்ப சன்னல் சாத்தறாளாம்."

"சொல்லு, சொல்லு. ஆனா அந்தச் சன்னலை மட்டும் தொறக்காதே" என்றாள் எடித்தா.

ஏழு காலைகள். இருபத்தொன்று, இருபத்தொன்றரை, இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஒரு நாளும் இருபதுக்குக் கீழே போகவில்லை. ஒன்பதாம் நாள் யஸ்னா பிள்ளையைப் போஞ்சோவுக்குள் கட்டிக்கொண்டு படகேறினாள். எடித்தாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அறிக்கை தயாரானபோது தமாரா அந்த மூன்று இரவுகளைப் பற்றி, 'இயக்கத்தில் சிறு மாறுதல் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தாள். எடித்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"இது யாருக்குப் புரியும்?"

"உங்களைக் காப்பாத்தத்தான் அப்படி எழுதினேன்."

"யாரு கேட்டா? 'பாய்லர்காரி எடித்தா ஒயார்சோ, பழைய வழக்கப்படி, மிச்சம் பிடிப்பதாக நினைத்து, மூன்று இரவு பத்து மணிக்கு அணைத்தாள். அதனால் வார்டு குளிர்ந்தது'ன்னு எழுது."

டாக்டர் சால்டிவியாவும், "பேரு எதுக்கும்மா? இது எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும்" என்றார்.

"பேரில்லாத தப்பை எவன் டாக்டர் நம்புவான்? எவனோ முட்டாள் செஞ்சிருக்கான், நான் செய்ய மாட்டேன்னு நெனச்சுக்குவான்."

அப்படியே எழுதினார்கள். செப்டம்பரில் மாமியாரை அணைக்க எடித்தாவையே கூப்பிட்டார்கள். தண்ணீரை வடித்து முடிக்க ஒரு மத்தியானம் முழுவதும் ஆயிற்று. அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன், நானும் அழுதேன். கிரிசெல்டா வரவில்லை. இன்றுவரை அவள் எடித்தாவை 'செனோரா' என்றுதான் அழைக்கிறாள். "அது அவ நியாயம்" என்கிறாள் எடித்தா. சாவி மட்டும் திரும்பக் கிடைத்துவிட்டது.

அடுத்த ஜூன் மாதம், ஒரு காலை நேரம். இயந்திர அறையில் தொலைபேசி அடித்தது. எங்களுக்கும் தெற்கே, பனி அதிகம் விழும் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆண் குரல். பெயர் வென்செஸ்லாவோ. பதினேழு வருஷமாகப் பாய்லர் பார்க்கிறவன். அவர்களுக்கும் இப்போது கன்னியாஸ்திரிகள் வந்திருக்கிறார்கள்.

"டோன்யா எடித்தா ஒயார்சோ நீங்கதானா? அறிக்கைல உங்க பேரு இருந்துச்சு."

"நான்தான். கேளு."

"இல்ல... சும்மாதான். குளிர் எப்படி இருக்கு அங்க?"

"இவ்வளவு தூரத்துலேர்ந்து குளிரைக் கேக்கவா கூப்பிட்டே?"

அவன் சிரிக்க முயன்றான். பிறகு குரல் இறங்கியது.

"நானும் ரெண்டு ராத்திரி அணைச்சுட்டேன், செனோரா. மிச்சமாகுமேன்னு. நேத்துதான் உங்க பக்கத்தைப் படிச்சேன். இங்க எல்லாரும் மெஷின் மட்டம்னு பேசிக்கறாங்க. நான் பேசாம இருக்கேன். இன்னைலேர்ந்து அணைக்காம விட்டுட்டா போதும் இல்ல? யாருக்கும் தெரிய வேண்டியதில்ல இல்ல?"

எடித்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வார்டுல யாரு இருக்கா?"

"முதியோர் வார்டு. எட்டுப் பேர்."

"நான் மொதல்ல எஞ்சினியர்கிட்ட சொன்னேன். அது எனக்கு இன்னும் உறுத்துது. நீ அப்படிச் செய்யாதே. குளிர்ல கிடந்தவங்ககிட்ட மொதல்ல போய்ச் சொல்லு."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"திட்டுவாங்களே?"

"திட்டுவாங்க" என்றாள் எடித்தா. "போ. நான் போனை வைக்காம இருக்கேன்."